கொட்டகையும் கூடமும்

சினிமாவைப் பற்றி எழுதுவது ஓர் அரசியல் பத்திரிகைக்கு அழகாகுமா என்று கேட்பவர்கள் நமது நேயர்களில் இன்னும் சிலர் இருக்கக்கூடும். 1967-ஆம் வருஷத்துக்குப் பின் முதன் மந்திரி பதவியில் அமர்ந்தோரில் பலர் படங்களுக்கு வசனம் எழுதியவர்களாகவோ படங்களில் நடித்தவர்களாகவோ இருந்த ஒரு ராஜ்யத்தில் இக்கேள்விக்கு நீண்ட விடை அவசியமில்லை. ஆயினும் திரையில் என்ன காட்டப்படுகிறது என்பதைப் பற்றியே நாள்தோறும் ஏராளமாக எழுதப்படுகிறது. திரைக்கு எதிரே இருப்பவர்கள் எங்கே, யாருடன், எவ்விதம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. நாம் இன்று கவனிக்க விரும்புவது இந்த இரண்டாவது விஷயத்தையே. நமது ஜனங்கள் படம் பார்க்கும் இடம் கொட்டகையிலிருந்து வீட்டுக் கூடத்துக்கும், கூடத்திலிருந்து கைத் தொலைபேசிக்கும் மாறி வந்திருக்கிறது. இம்மாறுதலில் நாம் அடைந்தது எது, இழப்பது எது என்று வரவு செலவு பார்ப்பது பொது வாழ்வில் ஈடுபட்டோரின் கடமையாகும்.

பொதுக் கூரை

தென்னாட்டில் படம் பார்க்கும் பழக்கம் நடமாடும் கூடாரத்தில் பிறந்தது. திருச்சியில் ரெயில்வே உத்தியோகத்திலிருந்த சாமிக்கண்ணு வின்ஸென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கொண்டு சென்று காட்டினார். அவரே 1914-இல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அதற்கு முந்திய வருஷம் சென்னை மவுண்ட் ரோட்டில் எலெக்ட்ரிக் தியேட்டர் ஏற்பட்டிருந்தது. அக்கட்டிடம் பின்னர் தபால் இலாகாவின் வசமாயிற்று. 1914-இல் ரகுபதி வெங்கையா நாயுடு அதே பகுதியில் கெயிட்டியைத் திறந்தார். 1931 அக்டோபர் 31-ஆம் தேதி 'காளிதாஸ்' வெளிவந்தபோது, திரை தமிழில் பேசவும் பாடவும் தொடங்கியது. அப்படத்திலேயே டி. பி. ராஜலக்ஷ்மி கைராட்டினத்தைப் புகழ்ந்து பாடினார். பிறந்தவுடனேயே நமது பேசும் படம் தேசியப் பேச்சும் பேசியது என்று சொல்லலாம்.

இச்சரித்திரத்தில் நாம் முக்கியமாகக் கருதுவது கருவியையன்று, கூரையையே. அதற்கு முன் நமது நாட்டில் கலை நிகழ்ந்த இடம் ஒவ்வொன்றிலும் இன்னார் இங்கே இருக்கலாம், இன்னார் இதற்கு மேல் வரக்கூடாது என்ற கட்டு இருந்தது. கோயில் மண்டபத்துச் சதிருக்கும் கச்சேரிக்கும் பலருக்குப் பிரவேசமே கிடையாது. தெருக்கூத்திலுங்கூட எந்தத் தெருவார் எந்தப் பக்கம் உட்காருவது என்பது ஊர் வழக்கு. இவை எல்லாவற்றிற்கும் மாறாக, சாதியைக் கேளாமல் காசை மட்டும் கேட்ட முதல் இடம் சினிமாக் கொட்டகை. தமிழர் யாவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் கலையரங்கம் இதுவே என்றும், அங்கே ஆசனத்தை நிர்ணயித்தது பிறப்பன்று, பணமே என்றும் யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981-இல் எடுத்துக் காட்டினார். பணத்தினால் ஏற்படும் வேற்றுமையும் வேற்றுமையே என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பணத்தைச் சம்பாதிக்கலாம், பிறப்பைச் சம்பாதிக்க முடியாது. தரை டிக்கட்டில் இருந்தவன் அடுத்த வாரம் பெஞ்சு டிக்கட்டுக்கு உயரலாம். கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவனுக்கு அந்த வழி இருக்கவில்லை.

டூரிங் கொட்டகையை அறிந்தவர்களுக்கு அதன் சித்திரம் மறவாது. மணல் தரையும், அதைக் குவித்து உயரமாக்கி உட்காரும் சிறுவர்களும், ஆண் பெண் பகுதிகளைப் பிரிக்கும் குட்டைச் சுவரும், ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு எழுந்ததும் காட்சி தொடங்கப்போகிறதென்று வயல் வரப்பில் வேகமாக நடந்துவரும் கூட்டமும், ஒரே படக் கருவி இருந்தபடியால் சுருள் மாற்றும்போதெல்லாம் விடப்படும் இடைவேளையும், முறுக்கும் கடலையும் சோடாவும் விற்போரின் குரலும் யாவும் ஒரு சந்தையின் தன்மை வாய்ந்தவை. அங்கே படம் பார்ப்பது மௌன விரதமன்று. தெய்வம் திரையில் தோன்றினால் கற்பூரம் ஏற்றினார்கள். வில்லன் தோன்றினால் வசை பாடினார்கள். பிடித்த நடிகர் வந்தால் சீட்டி அடித்துக் காகிதத் துண்டுகளை வாரி இறைத்தார்கள். படித்தவர்கள் இதைப் பாமரத்தனம் என்று பழித்தார்கள். ஆனால் தன் கருத்தைப் பத்துப் பேர் அறிய வெளியிட வேறு மேடையற்ற ஏழைக்கு அது ஒரு மேடையாக இருந்தது.

சர்க்கார் அஞ்சியது எதற்கு?

இந்த உண்மையைத் தலைவர்களைக் காட்டிலும் முந்தி அறிந்துகொண்டவர்கள் அந்நிய ஆட்சியாளரே. காந்தியடிகள் சினிமாவை மதித்தவரல்லர். தேசியத் தலைவர்களில் அநேகர் அதை வீண் பொழுதுபோக்கென்றே எண்ணினர். ஆனால் 1918-ஆம் வருஷத்திய சினிமாட்டோகிராப் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட தணிக்கைச் சபைக்குச் சென்னையில் தலைமை வகித்தவர் போலீஸ் கமிஷனர். ஜனக்கூட்டத்தை அடக்குவதே தொழிலாகவுள்ள அதிகாரியிடம் படத்தைப் பார்க்கும் வேலை ஒப்புவிக்கப்பட்டது தற்செயலன்று. 1927-இல் சென்னை வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் நியமிக்கப்பட்ட இந்திய சினிமாக் கமிட்டி நாடெங்கும் சென்று, நூற்றுக்கணக்கானவர்களை விசாரித்து, மறு வருஷம் அறிக்கை சமர்ப்பித்தது. படத்தைப் பார்க்கும் கூட்டம் எத்தகையது என்பதும் அவ்விசாரணையின் ஒரு பகுதியாயிருந்தது.

1939-இல் கே. சுப்பிரமணியம் டைரக்ட் செய்த 'தியாகபூமி' வெளிவந்தது. காங்கிரஸ் மந்திரிசபை பதவி விலகிய பின்னர் பிரிட்டிஷ் சர்க்கார் அப்படத்தைத் தடை செய்தது. அக்கதையைப் பத்திரிகையில் படிப்பவன் ஒருவனாக இருந்து படிக்கிறான். கொட்டகையில் பார்ப்பவனோ தன்னைப்போலவே உணர்ச்சி கொண்டவர்கள் இன்னும் ஐந்நூறு பேர் உண்டென்பதைக் கரகோஷத்தினால் அறிந்துகொள்கிறான். ஆட்சிக்கு அபாயமானது இந்த அறிவே. இருட்டில் அருகே இருப்பவனின் முகம் தெரியாவிட்டாலும் மனம் தெரிந்துவிடுகிறது.

இன்றைய சட்டத்திலும் இவ்வேற்றுமையின் நிழல் விழுந்திருக்கிறது. கொட்டகையில் காட்டும் படத்துக்கு 1952-ஆம் வருஷத்திய சட்டப்படி தணிக்கைச் சான்று இன்றியமையாதது. இணையத்தின் வழியே வீட்டுக்கு வரும் படத்துக்கு அது தேவையில்லை. 2021 பிப்ரவரியில் பிறந்த விதிகளின்படி அத்தளங்கள் தாமே வயது வரம்பைக் குறித்துக்கொள்ளவேண்டும். புகார்களை விசாரிக்க ஏற்பாடு செய்யவேண்டும். இதற்குத் தொழில் நுணுக்கக் காரணங்கள் பல உண்டு. எனினும் ஆயிரம் பேர் கூடிப் பார்ப்பதை ஒருவிதமாகவும், ஆயிரம் பேர் தனித்தனியே பார்ப்பதை வேறுவிதமாகவும் சட்டம் கருதுகிறது என்பது வெளிப்படை.

வீட்டுக்குள் வந்த திரை

சென்னையில் 1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி டெலிவிஷன் நிலையம் தொடங்கிற்று. ஆரம்பத்தில் அதுவும் ஒரு சிறு கொட்டகையாகவே இருந்தது. தெருவில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால், வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' காணவும் ஞாயிற்றுக்கிழமைப் படத்தைக் காணவும் தெரு முழுவதும் அங்கே கூடிற்று. ஆனால் கொட்டகைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கொட்டகையில் காசு கொடுத்தவன் உரிமையோடு உட்கார்ந்தான். இங்கே வீட்டுக்காரரின் தயவால் உட்கார்ந்தான். கூடத்தில் சிலர், திண்ணையில் சிலர், ஜன்னல் கம்பிக்கு வெளியே சிலர் என்று பழைய வரிசை மீண்டும் தலைகாட்டியது.

பின்னர் 1980-களில் 'டெக்' வந்தது. கல்யாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் அதை ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படங்கள் பார்த்தார்கள். 1990-களில் தனியார் டெலிவிஷன் நிலையங்கள் தோன்றின. 2006 முதல் ராஜ்ய சர்க்கார் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச வர்ண டெலிவிஷன் பெட்டி வழங்கிற்று. ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகள் அதைப் பெற்றன. அயல் வீட்டு ஜன்னலில் நிற்கவேண்டிய அவமானம் அதனால் தீர்ந்தது. அத்துடன் அயல் வீட்டுக்குப் போகும் பழக்கமும் தீர்ந்தது.

2020-இல் கொள்ளை நோய் கொட்டகைகளை மூடிற்று. அவ்வருஷம் மே 29-ஆம் தேதி 'பொன்மகள் வந்தாள்' கொட்டகைக்கே வராமல் நேராக இணையத்தில் வெளியாயிற்று. கொட்டகைச் சொந்தக்காரர்கள் இதைக் கடுமையாக ஆட்சேபித்தார்கள். நவம்பரில் 'சூரரைப் போற்று' அதே வழியில் வந்தது. 2021 ஜனவரி 13-இல் 'மாஸ்டர்' கொட்டகைகளில் வெளியாகி ஜனக்கூட்டத்தைத் திரும்ப அழைத்தது. ஆனால் அதுவும் பதினாறு நாட்களில் வீட்டுத் திரைக்கு வந்து சேர்ந்தது. நூறு நாள், வெள்ளி விழா என்று கணக்கிட்டு வந்த தொழில், இன்று எத்தனை வாரம் கழித்துப் படத்தை வீட்டுக்கு அனுப்புவது என்று வாதாடிக்கொண்டிருக்கிறது.

வரவும் செலவும்

வீட்டில் பார்ப்பதை நாம் பழிக்கப்போவதில்லை. நடக்க இயலாத முதியோருக்கும், நோயாளிகளுக்கும், கைக்குழந்தையை விட்டு நகர முடியாத தாய்மாருக்கும் இது பெரும் சௌகரியம். காது கேளாதவர்கள் எழுத்து வடிவில் வசனத்தைப் படித்துப் படத்தை அநுபவிக்கிறார்கள். கொட்டகை கிடைக்காத சிறு படங்களும், அயல் மொழிப் படங்களும் ஊர்க்கோடியில் இருப்பவனுக்கும் எட்டுகின்றன. இரவுக் காட்சிக்குப் போகும் பெண்ணை ஊரார் பேசும் பேச்சும் வீட்டில் இல்லை.

ஆனால் வீடு முற்றிலும் சுதந்திர பூமி என்று எண்ணுவோர் ஒரு கேள்விக்கு விடையளிக்கவேண்டும். ரிமோட் யார் கையில் இருக்கிறது? கொட்டகையில் குடும்பத் தலைவருக்கும் அவர் மனைவிக்கும் ஆளுக்கொரு டிக்கட். இருவருக்கும் ஒரே உரிமை. பெண்களுக்குத் தனி டிக்கட் வரிசை இருந்த காலத்தில், மதியக் காட்சிக்குத் தோழிகளுடன் புறப்பட்டுச் சென்ற மாதர் தமக்கு வேண்டிய படத்தைத் தாமே தெரிந்தெடுத்தார்கள். வீட்டிலோ, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுப்பும் அழைக்கும், அழைப்பு மணியும் அழைக்கும். கொட்டகையில் மூன்று மணி நேரம் எவர் ஏவலுக்கும் உட்படாமல் உட்கார்ந்திருந்த பெண், கூடத்தில் பாதிப் படம் பார்த்துவிட்டு எழுந்து போகிறாள்.

பார்க்கும் முறையும் மாறிவிட்டது. வேண்டாத இடத்தைத் தள்ளிவிடலாம். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டலாம். பாதியில் நிறுத்தி நாளை தொடரலாம். பாட்டு வந்ததும் பீடி பிடிக்க வெளியே சென்றவர்கள் கொட்டகையிலும் இருந்தார்கள். ஆகவே இது முற்றும் புதிய குற்றமன்று. நாம் அஞ்சுவது வேறொன்று. வீட்டுக்குப் படம் அனுப்பும் தளங்கள், இன்னார் முன்பு எதை விரும்பினார் என்று கணக்கு வைத்து, அதைப் போன்றதையே மறுபடி அவர்முன் வைக்கின்றன. ஒரே வீட்டில் நால்வர் நான்கு கைத் தொலைபேசிகளில் நான்கு படங்களைக் காதில் கருவி மாட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். தனக்குப் பிடிக்காததைப் பக்கத்தில் இருப்பவன் ஏன் விரும்பிச் சிரிக்கிறான் என்று அறியும் சந்தர்ப்பம் அவர்களுக்கு இல்லை. பிறர் சிரிப்பையும் அழுகையையும் அறியாத ஜனங்கள் நல்ல வாக்காளர்களாவது எங்ஙனம்?

கூட்டம் என்றாலே நன்மை என்றும் நாம் கூறவில்லை. 1997-இல் டில்லி உபஹார் கொட்டகையில் தீப்பற்றியபோது, வெளியேற வழியின்றி 59 பேர் மாண்டார்கள். 2024 டிஸம்பரில் ஹைதராபாத்தில் ஒரு நடிகரின் படம் வெளியானபோது நெரிசலில் ஒரு பெண்மணி உயிரிழந்தார். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றும் மடமையும் கூட்டத்தில் பிறந்ததே. கூட்டத்தை ஒழுங்குபடுத்தவேண்டும் என்பதே இவற்றின் படிப்பினை. கூட்டத்தைக் கலைத்துவிடவேண்டும் என்பதன்று.

வாசலில் நிறுத்தப்படுவோர்

கொட்டகை நசித்து வருவதற்கு வீட்டுத் திரை மட்டும் காரணமன்று. கொட்டகையும் தன் பழைய தர்மத்தைக் கைவிட்டு வருகிறது. மதுரைத் தங்கம் தியேட்டர் 1952-இல் திறக்கப்பட்டபோது, இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரே சமயத்தில் அமரக்கூடியதாயிருந்தது. அது இன்று இல்லை. சென்னையில் கெயிட்டியும் சாந்தியும் மறைந்தன. அவற்றின் இடத்தில் வந்துள்ள பல்திரை மாளிகைகள் வியாபாரக் கட்டிடங்களின் மேல் மாடியில், பாராக்காரர் சோதனைக்கு அப்பால் இருக்கின்றன. முன் வரிசையில் பத்து ரூபாய் டிக்கட் அங்கும் நெடுநாள் இருந்தது. இன்று அவ்விலை கதையாகிவிட்டது. டிக்கட்டைக் கைத் தொலைபேசியில் முன்பதிவு செய்தால் அதற்கொரு கட்டணம். தின்பண்டத்தின் விலையோ சொல்லுந்தரமன்று. நால்வர் கொண்ட ஒரு கூலிக் குடும்பம் படத்துக்குப் போய் வருவதென்றால், அவர்களது ஒரு நாள் சம்பாத்தியம் அதிலேயே போய்விடும்.

2023 மார்ச் 30-ஆம் தேதி சென்னையில் நடந்த ஒரு சம்பவத்தை நேயர்கள் மறந்திரார்கள். கையில் டிக்கட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பம் ஒன்று கொட்டகை வாசலில் தடுக்கப்பட்டது. மற்றவர்கள் கேள்வி கேட்ட பின்னரே அவர்கள் உள்ளே அனுமதிக்கப்பட்டனர். படத்துக்கு யு/ஏ சான்று வழங்கப்பட்டிருந்ததென்றும், சிறு குழந்தைகளை அனுமதிக்க முடியாதென்றும் நிர்வாகம் சமாதானம் கூறிற்று. சட்டம் பயின்ற எவரும் இச்சமாதானத்தை ஏற்கமாட்டார். அச்சான்று அப்போது பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் விஷயத்தில் பெற்றோரின் மேற்பார்வையை வேண்டியதே தவிர, பெற்றோருடன் வந்த குழந்தையைத் தடுத்ததன்று. அரசியல் சாஸனத்தின் 15-ஆம் ஷரத்து, மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் இவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு பொதுக் கேளிக்கை ஸ்தலங்களில் எந்தப் பிரஜையையும் தடுக்கலாகாதென்று விதிக்கிறது. அதை எழுதியவர்கள் கடையையும் ஹோட்டலையும் கேளிக்கை ஸ்தலத்தையும் ஒரே மூச்சில் சொன்னார்கள். பொதுக் கூரை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பிறப்பைக் கேளாத ஒரே வாசல் என்று பெயரெடுத்த கொட்டகையே உடையையும் உருவையும் பார்த்து நிறுத்துமாயின், நூறு வருஷத்துச் சம்பாத்தியத்தை ஒரே நாளில் தோற்றதாகும்.

செய்யவேண்டியவை

நமது யோசனைகள் பெரியவையல்ல, ஆனால் நடத்தக்கூடியவை.

முதலாவது, ஒவ்வொரு கொட்டகையிலும் ஒரு பகுதி ஆசனங்களேனும் ஏழைக்கு எட்டும் விலையில் இருக்கவேண்டும். 2025 செப்டம்பர் முதல் நூறு ரூபாய்க்கு மேற்படாத டிக்கட்டுக்குச் சரக்கு சேவை வரி 5 சதவிகிதமே. அதற்கு மேற்பட்டால் 18. சர்க்கார் வரியில் விட்டுக்கொடுத்ததை முதலாளிகள் விலையில் விட்டுக்கொடுக்கட்டும். அதைக் கண்காணிப்பது ராஜ்ய சர்க்காரின் பொறுப்பு.

இரண்டாவது, சிற்றூர்களில் மூடப்பட்டுவரும் கொட்டகைகளைக் கல்யாண மண்டபங்களாகவும் கிடங்குகளாகவும் மாற விட்டுவிடாமல், நூறு நூற்றைம்பது ஆசனமுள்ள சிறு கொட்டகைகளை நகரசபைகள் ஏன் நடத்தக்கூடாது? அண்டை நாடான கேரளத்தில் 1975-இல் ஏற்பட்ட சர்க்கார் திரைப்பட அபிவிருத்திக் கார்ப்பொரேஷன் சொந்தமாகக் கொட்டகைகள் நடத்துகிறது. அங்கே முடிந்தது இங்கே முடியாததன்று.

மூன்றாவது, பொது வாழ்வில் உள்ள நமது நண்பர்களுக்கு. கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் அவர் தோழர்களும் ஒடேஸா என்ற கூட்டத்தை அமைத்து, ஜனங்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டி, 1986-இல் 'அம்ம அறியான்' என்ற படத்தை முடித்து, ஊர் ஊராகத் திரை கட்டிக் காட்டினார்கள். நமது ஊர்களிலும் வாசகசாலை உண்டு. தொழிற்சங்கக் கட்டிடம் உண்டு. பள்ளிக்கூட மைதானம் உண்டு. மாதம் ஒரு முறை நல்ல படம் ஒன்றைக் காட்டி, முடிந்தபின் அரைமணி நேரம் பேசுங்கள். வீட்டுக்கென்று வாங்கிய சந்தாவைக்கொண்டு பொதுவில் காட்டுவது சட்டப்படி ஆகாது. படத்துக்குரியவரின் சம்மதத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாத் தெருவாரையும் அழையுங்கள். யார் எங்கே உட்காருவது என்று மட்டும் கேளாதீர்கள்.

நான்காவது, எந்தக் கொட்டகையிலும் எவரேனும் வாசலில் நிறுத்தப்பட்டால், உள்ளே உட்கார்ந்திருப்பவர் எழுந்து வெளியே வந்து காரணம் கேட்கவேண்டும். 2023-இல் அந்தக் குடும்பத்துக்குக் கதவைத் திறந்தது சட்டப் புத்தகமன்று. பக்கத்தில் நின்று கேட்டவர்களின் குரலே.

வீட்டுக் கூடத்தில் திரை இருக்கட்டும்; அதை யாரும் அகற்றப்போவதில்லை. ஆனால் பொதுக் கூரைகள் ஒவ்வொன்றாக விழுந்த பின், கூடி உட்காரும் பழக்கத்தை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது. தரை டிக்கட்டில் அமர்ந்த நமது பாட்டன்மார் கையை ஊன்றிய மணலில் அடுத்தவர் கையும் ஊன்றியிருந்தது. அந்த ஸ்பரிசத்தைத் தீட்டென்று கருதாத ஒரு தலைமுறை அங்கே உருவாயிற்று. அதைக் காப்பது நமது பொறுப்பு.